அளவு: பின்னர்

சென்ற மே மாதத்தில் எங்கள் ஊரில் நிலவிய வானிலையைப் பற்றி எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் பேருந்து நிலையத்தின் முன்னால் ஒரு பளிங்குக் கல்லை நட்டு, அதில் ‘மழை தங்கிய ஊர்’ என்று பொன்னெழுத்தில் வெட்டி, அதற்குக் கீழே பதினேழு பேரின் பெயர்களைப் படிப்போடும் பதவியோடும் பொறித்து, தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். மழை வந்தது ஒன்பதாம் தேதி. கல் பதினொன்று என்கிறது, ஏனென்றால் பதினொன்றாம் தேதிதான் அந்தப் பதினேழு பேரும் சேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். தாங்கள் கூடிய பிறகே மழையும் வந்திருக்க முடியும் என்று மனதார நம்புகிறவர்கள் அவர்கள். அந்தத் தேதியைத் திருத்த உட்கார்ந்தேன், உட்கார்ந்த பிறகு மீதியையும் சொல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை.

என் பெயர் அங்கயற்கண்ணி. சுனைக்குறிச்சி அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் குடுவை கழுவி, அமிலப் புட்டிகளுக்குப் பெயர் ஒட்டி, ஓய்வு பெற்றவள். ஊர் என்னை ‘மழை டீச்சர்’ என்று கூப்பிடுகிறது. ஒரு நாளும் ஒரு பிள்ளைக்கும் நான் பாடம் சொன்னதில்லை என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு சரியான தகவலைக் காதில் வாங்கிக்கொள்ளும் பழக்கம் இந்த ஊருக்கு இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலை எட்டரை மணிக்கு என் மொட்டை மாடியில் ஏறி, வெப்பமானியையும் மழைமானியையும் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு இறங்குகிறேன். தாலுகா அலுவலகத்திலும் ஒரு மழைமானி இருக்கிறது. ஆறு வருடமாக அதில் குடைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் மாதக் கடைசியில் என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். அது சட்டப்படி சரியா என்று அவர்களும் யோசித்ததில்லை, நானும் கேட்டதில்லை.

மே முதல் வாரம் வழக்கம்போல இருந்தது. முப்பத்தொன்பது புள்ளி நான்கு, நாற்பது புள்ளி இரண்டு, நாற்பத்தொன்று. மழை வருமா என்று வழியில் கேட்டவர்களிடம், வந்ததை எழுதுவதுதான் என் வேலை, வரப்போவதை அல்ல என்றேன். ஓடாத மின்விசிறியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாம் தேதி பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வடமேற்கிலிருந்து மேகம் ஏறியது, காற்று புழுதியை வாரி அடித்தது, துணி எடுக்கப் பெண்கள் மாடிக்கு ஓடினார்கள், மழை இறங்கியது. இறங்கிவந்த மழை, மொட்டை மாடிகளுக்கு மேலே ஒரு ஆள் கையை உயர்த்தினால் எட்டுகிற உயரத்தில் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. மேகம் கால் மணி நேரத்தில் தன்னை முழுக்கக் கொட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்தது. துளிகள் மட்டும், நெல்லிக்காய் அளவில் சிலவும் மிளகு அளவில் பலவுமாக, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மட்டத்தில், கீழேயும் விழாமல் மேலேயும் போகாமல் தொங்கின. கோயில் கோபுரத்தின் மேல்பாதி நனைந்தும் கீழ்ப்பாதி காய்ந்தும் இருந்தது. காகங்கள் மழைக்குள் பறந்து போன வழியெல்லாம் வளைந்து வளைந்து துளைகளாகக் கிடந்தன. நான் மாடியில் நின்று என் மழைமானிக்குள் பார்த்தேன். தூசி இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். அதற்கு நேர் மேலே, சரியாக வாய் அகலத்துக்கு, விழவேண்டிய மழை காத்திருந்தது.

ஊர் இரண்டு நாள் குடை பிடித்து நடந்தது. மூன்றாம் நாள் குடையை மடக்கிவிட்டு, இது எங்களுக்கு எப்போதும் இருப்பதுதான் என்கிற முகத்தோடு நடந்தது. ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருடையது என்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

எங்கள் ஊரில் மொட்டை மாடிக்கு மேல் இன்னொரு மாடி கட்டியவர்கள் இல்லை. காரை வீடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் மாடியில் ஏறி, கையை உயர்த்தி, மல்லிகை பறிப்பதுபோலத் துளி பறித்தார்கள். முதலில் சொம்பில் பறித்தார்கள், பிறகு குடத்தில், பிறகு அண்டாவில். பறித்த துளி கைக்கு வந்ததும் சாதாரணத் தண்ணீராகிவிட்டது, அதில் குளித்தார்கள், கார் கழுவினார்கள், குளிர்பெட்டியில் அடுக்கி வைத்து வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குக் காட்டினார்கள். அடுத்தடுத்த வீடுகளின் நடுச்சுவருக்கு மேல் நின்ற துளிகளுக்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எல்லை தெரிய மூங்கில் நட்டுச் சேலை கட்டினார்கள், ஊரே ஜவுளிக்கடை வாசல்போல ஆனது. இந்தத் தண்ணீரைக் குடித்தால் கணக்கு வரும் என்று ஒரு தனிப்பயிற்சி நிலையம் பலகை வைத்தது. கல்யாண ஜோடிகள் மாடியில் நின்று துளிகளுக்கு நடுவே தலையை நீட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

பதினொன்றாம் தேதி மாலை கல்யாண மண்டபத்தில் கூடி, மொட்டை மாடி உரிமையாளர் நலச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். செயலாளராக வழக்கறிஞர் சபாநடேசன் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாற்பது வருடம் வேலித் தகராறுகளிலேயே தொப்பை வளர்த்தவர் அவர். ஒருவர் மாடிக்கு நேர் மேலே நிற்கும் மழை அந்த மாடிக்காரருக்கே சொந்தம் என்று முதல் தீர்மானம் போட்டார்கள்; மழை பெய்தாகிவிட்டது என்று இரண்டாம் தீர்மானம் போட்டார்கள். பெய்த மழைக்குத்தான் சொந்தம் கொண்டாட முடியும், பெய்யாத மழை அரசாங்கத்தின் சொத்தாகிவிடும் என்று சபாநடேசன் விளக்கியபோது பலமாகக் கை தட்டினார்களாம்.

மொட்டை மாடி இல்லாதவர்களும் ஊரில் இருந்தார்கள். தெற்கே, ஊரின் மற்ற நிலத்தைவிட ஓர் ஆள் உயரம் தாழ்ந்து, பள்ளத்தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. நாற்பத்தாறு வீடு, எல்லாம் தகரமும் கல்நார்க் கூரையும். அவர்களுக்கு மேலேயும் மழை அதே மட்டத்தில்தான் நின்றது, ஆனால் அவர்கள் கூரையில் ஏறினால் கூரை உடையும், ஏறி நின்றாலும் கை எட்டாது. துரட்டிக் கம்பில் சொம்பு கட்டிப் பார்த்தார்கள். தொட்ட துளி கம்பு வழியாக வழிந்து பாதியிலேயே காய்ந்தது. வெயில் அத்தனை துளிகளுக்குள்ளும் புகுந்து புகுந்து பெருகி இறங்கியதில் தெரு முழுக்க வெளிச்சப் புள்ளிகள் நடுங்கிக்கொண்டிருந்தன, நிழல் என்று சொல்ல ஓர் இடம் இல்லை, பாத்திரத்தின் அடிபோலத் தெரு கொதித்தது. அவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பேரூராட்சி லாரியில் தண்ணீர் வரும். மழை பெய்தால், அது விட்ட நாளிலிருந்து பத்து நாளுக்கு லாரி கிடையாது என்று விதி. பத்தாம் தேதியே லாரி நின்றது.

பதினான்காம் தேதி வருவாய் ஆய்வாளர் என் வீட்டுக்கு வந்தார். வயது குறைவு, சட்டை முழுக்க வேர்வை. மழை பெய்ததா இல்லையா என்று தாலுகாவில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை என்றும், சங்கம் பெய்தது என்கிறது, பள்ளத்தெரு பெய்யவில்லை என்கிறது, உங்கள் நோட்டில் என்ன இருக்கிறதோ அதையே எழுதிக்கொண்டு போகச் சொன்னார்கள் என்றும் சொன்னார். நான் நோட்டைக் காட்டினேன். ஒன்பதாம் தேதிக்கு நேரே, ‘மழை தொடங்கியது 3.40. அளவு: பின்னர்’ என்று எழுதியிருந்தேன். அதற்கடுத்த நாட்களில் மழைக் கட்டத்தில் ஒன்றும் இல்லை.

பின்னர் என்று எழுதிக்கொண்டுபோய் லாரியை விடவும் முடியாது, நிறுத்தவும் முடியாது என்று அவர் மெதுவாகச் சொன்னார். மழை இன்னும் முடியவில்லை, முடியாத ஒன்றுக்கு நான் அளவு தர மாட்டேன் என்றேன். அவர் மழைமானிக்குள் எட்டிப் பார்த்தார். காலியாகத்தானே இருக்கிறது, பூஜ்யம் என்று போட்டால் என்ன என்றார். அளவை முறை பற்றி அரை மணி நேரம் அவருக்குச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த அரை மணி நேரத்தில் அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் பொய் சொல்லப் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். விதி மிக எளிது. காலை எட்டரைக்கு மழைமானியில் இருப்பதுதான் மழை. இல்லையென்றால் இல்லை. பத்தாம் தேதி காலையிலேயே பூஜ்யம் என்று நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, ஏனென்றால் என் தலைக்கு மேல் நின்றதைக் கண்ணால் கணக்குப் போட்டிருந்தேன். அறுபது மில்லிமீட்டருக்குக் குறையாது, என் இருபத்திரண்டு வருடத்தில் மே மாதத்தின் ஒரே நாளில் அத்தனை மழை இல்லை. அது விழுகிற அன்று ஒன்பதாம் தேதிக்கு நேரே அந்த எண்ணை எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகக் கட்டத்தைக் காலியாக வைத்தேன். என் மாடியில் ஒரு துளியை நான் பறிக்கவில்லை, பறிக்க வந்த அடுத்த வீட்டுக்காரியைத் துடைப்பத்தோடு விரட்டினேன். பறித்தவர்களைப் பார்த்து அற்பங்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் ஆளுக்கு ஓர் அண்டாவுக்குத்தான் ஆசைப்பட்டார்கள்.

பதினாறாம் தேதி காலை பள்ளத்தெருவிலிருந்து பூரணம் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பள்ளியில் சத்துணவு ஆக்குகிறவள் என்பதால் முகம் தெரியும். இடுப்பில் காலிக் குடம் இருந்தது. படியேறி மாடிக்கே வந்துவிட்டாள். வந்தவள் மேலே நின்ற மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கையை உயர்த்தவில்லை. நானும் எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை.

“லாரி நின்னு ஆறு நாளாச்சு டீச்சர்” என்றாள். “கல்குவாரிக் குட்டைக்குப் போயித்தான் மொண்டுட்டு வர்றோம். போக வர அஞ்சு மைலு. பெய்யலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா லாரி வந்துரும்னு ஆபீசுல சொல்றாங்க.”

அவளுக்கும் சொன்னேன். மழைக்குத் தொடக்கம் என்றும் முடிவு என்றும் இரண்டு உண்டு, தொடங்கியதை நானே எழுதியிருக்கிறேன், முடியாமல் அளவு போடுவது பொய்க் கணக்கு என்றேன். அவள், நான் பேசி முடித்ததும், குனிந்து மழைமானியைப் பார்த்தாள்.

“இதுல ஒண்ணுமில்லையே டீச்சர்.”

“இப்போதைக்கு இல்லை” என்றேன்.

அவள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்றைக்கு அதிக வெப்பம் நாற்பத்திரண்டு புள்ளி ஒன்று.

அதற்குப் பிந்தைய ஐந்து நாட்களில் ஊரின் மாடிகளுக்கு மேல் மழை தீர்ந்துகொண்டே வந்தது. பேராசைக்காரர்களின் மாடிகளுக்கு மேல் முதலில் தீர்ந்து, நீல ஆகாயம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தீர்ந்தவர்கள் தீராதவர்களைப் பார்த்துப் பொருமினார்கள்.

இருபத்தொன்றாம் தேதி ரேஷன் கடை வரிசையில் நின்றபோது கேள்விப்பட்டேன். பூரணம் முந்திய நாள் நண்பகல் குவாரியிலிருந்து குடத்தோடு வரும்போது, அரசினர் விதைப்பண்ணை வேலியோரம் விழுந்து கிடந்திருக்கிறாள். உடம்பு அடுப்புக்கல்போலச் சுட்டதாம், நினைவில்லாமல் எதையோ உளறினாளாம். பால் வண்டிக்காரர் ஒருவர் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். பிழைப்பாளா என்று தெரியவில்லை என்றார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், இந்த வெயிலில் நண்பகல் யாராவது வெளியே போவார்களா, புத்தி வேண்டாமா என்றாள். அவளுடைய மாடியில் இன்னும் இருபது குடத்துக்கு மழை நின்றது. அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். என் மாடியில் ஐம்பது குடத்துக்கு நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

அரிசி வாங்காமல் வீட்டுக்கு வந்து, மாடியேறி, நோட்டை எடுத்து, ‘பின்னர்’ என்பதை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். பத்தாம் தேதிக்குப் பூஜ்யம், பதினொன்றுக்குப் பூஜ்யம், இருபத்தொன்றுவரைக்கும் பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டேன். பிறகு முக்காலி போட்டு ஏறி, என் தலைக்கு மேல் நின்றதை ஒரு துளி விடாமல் பறித்தேன். அன்று பிற்பகல் முழுக்கப் பறித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. மாட்டுவண்டி பிடித்து ஐம்பத்து மூன்று குடத்தைப் பள்ளத்தெருவுக்குக் கொண்டுபோனேன். யாரும் நன்றி சொல்லவில்லை, ஏன் இத்தனை நாள் என்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு குடம் எடுத்துக்கொண்டார்கள், மிஞ்சிய ஏழு குடத்தைத் தெருமுனைத் தொட்டியில் ஊற்றினார்கள், வண்டியைத் திருப்ப இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள். தாலுகாவுக்குப் போய் நோட்டைக் கொடுத்தேன். இருபத்து நான்காம் தேதி லாரி வந்தது. இருபத்தாறாம் தேதி பூரணம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். வலது கை மட்டும் இன்னும் சரியாக மடங்கவில்லை என்றார்கள்.

என்மேல் சங்கத்துக்கு வந்த கோபத்தை நான் விவரிக்கப்போவதில்லை. பெய்யவில்லை என்று எழுதியவள் என்பதற்காக என் வீட்டுச் சுவரில் எழுத்துப் பிழைகளோடு கண்டன அறிவிப்பு ஒட்டினார்கள். அதற்குள் அவர்களுடைய மாடிகளுக்கு மேல் ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. ஊரிலேயே மழை தொடப்படாமல் நின்றது ஒரே இடத்தில், பள்ளத்தெருவுக்கு மேலே.

இருபத்தெட்டாம் தேதி பிற்பகல், தெருவிளக்கு மாற்றுகிற ஏணி வண்டியைப் பேரூராட்சியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, நீலப் பீப்பாய்கள் ஏற்றிய இரண்டு டிராக்டர்களோடு சங்கம் பள்ளத்தெருவுக்குள் நுழைந்தது. நானும் மழைமானியைத் தூக்கிக்கொண்டு போனேன். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் சாட்சிக்கு என்று சொல்லியிருப்பேன். சபாநடேசன் தெருக்காரர்களைப் பார்த்து, மாடி உள்ளவருக்கே மேலே உள்ள மழை என்பது தீர்மானம், இந்தத் தெருவில் மாடியே இல்லை, எனவே இது உரிமையாளர் இல்லாத மழை, அதைப் பாதுகாக்கும் கடமை சங்கத்துக்கு உண்டு என்று மூச்சு வாங்கப் பேசினார். தெருக்காரர்கள் வாசல்களில் நின்று அவரைப் பார்த்தார்கள். கூத்தாடியைக்கூட அத்தனை அலுப்பாக யாரும் பார்க்க மாட்டார்கள். பூரணம் தன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

ஏணியின் கூண்டில் சபாநடேசனே ஏறினார். முதல் துளி தலைவர்தான் பறிக்க வேண்டும் என்று சங்கத்தின் தலைவர் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. கூண்டு உயர்ந்து உயர்ந்து மழைக்கு அருகில் போனது. அவர் கையை நீட்டினார்.

பத்தொன்பது நாளாக நின்ற மழை அப்போது விழுந்தது.

ஓசையோடு விழுந்தது, தகரக் கூரைகளில் அறைந்து விழுந்தது. மேலே நின்றது தீர்ந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தோம், முடியவில்லை, அதற்கு மேலே மேகமே இல்லாத ஆகாயத்திலிருந்து முப்பத்தைந்து நிமிடம் விடாமல் விழுந்தது. அந்த ஒரு தெருவில் மட்டும், தெருமுனைக்கு ஓரடி தள்ளிப் புழுதி புழுதியாகவே இருக்க, நாற்பத்தாறு வீட்டு அகலத்துக்கும் நீளத்துக்கும் விழுந்தது. சங்கத்தார் பீப்பாய்களை இறக்க ஓடி, சேற்றில் வழுக்கி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கூண்டை இறக்க வேண்டிய ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கி, சட்டையைக் கழற்றிவிட்டு நனைந்துகொண்டிருந்தார். சபாநடேசன் மேலேயே நின்று, வேட்டி காலில் ஒட்ட, யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவருடைய பீப்பாய்களைத் தெருப் பெண்கள் தங்கள் வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள்.

நான் மழைமானியைப் பூரணத்தின் வீட்டு முன்னால், கூரைச் சாரல் படாத இடமாகப் பார்த்து, மட்டம் பார்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். மழை அந்தக் குறுகிய வாய்க்குள் விழுகிற ஓசையைக் கேட்டுக்கொண்டே நின்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஓசையை அத்தனை அருகில் கேட்டதில்லை, மழை நேரத்தில் நான் வீட்டுக்குள்தான் இருப்பேன். எழுபதுக்கு மேல் இருக்கும் என்று காது சொன்னது.

மழை விட்டது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க உலர்ந்த துணி தேடினேன், எங்கும் இல்லை. அதற்குள் பூரணம் கட்டிலிலிருந்து எழுந்து வந்தாள். மழைமானியை இடது கையால் தூக்கி, மடங்காத வலது கையை அதற்கு அண்டைகொடுத்து, வாசலில் இருந்த குடத்தில் கவிழ்த்தாள். வேகமாகவும் செய்யவில்லை, கோபமாகவும் செய்யவில்லை. கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தாள். பிறகு காலிப் பாத்திரத்தை என்னிடம் நீட்டினாள்.

“இன்னும் பார்க்கலையே, பூரணம்” என்றேன். “எவ்வளவுன்னு எழுதணுமே.”

“எழுதுங்க, எழுதாமப் போங்க டீச்சர்” என்றாள். “நனைஞ்சது எங்களுக்குத் தெரியும்.”

குடத்தைத் தூக்க அவளால் முடியவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்தேன். அவள் இடது கையால் மறுபக்கம் பிடித்தாள். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஈரச் சேலையோடு, காய்ந்த தெருக்கள் வழியாக வீட்டுக்கு நடந்து வந்தேன்.